ஓட்டத்தைப் பார்ப்பதா, பில்லைப் பார்ப்பதா: பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர்களுக்கு

நான் வாங்கிய முதல் டீசல் கார் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் எடுத்தது. மீட்டரில் 58,000 கிலோமீட்டர், சிங்கிள் ஓனர், புது சீட் கவர், பளபளவென்று பாலிஷ் போட்ட டேஷ்போர்டு, அதன்மேல் ஒரு பிள்ளையார். அதே வாரம் பக்கத்துத் தெருவில் ஒருவர் அதே மாடல், அதே வருட வண்டியை 1,40,000 ஓட்டத்தோடு முப்பதாயிரம் குறைத்துக் கொடுக்கத் தயாராக இருந்தார். சர்வீஸ் பில்லெல்லாம் ஒரு துணிப்பையில் கட்டி வைத்திருந்தார், நான் அந்தப் பையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எட்டே மாதத்தில் என் வண்டியில் கிளட்ச் போனது, அடுத்து எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் இரண்டு, அப்புறம் ஒரு நாள் ஸ்கேனர் வைத்திருந்த மெக்கானிக் ஒருவர் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த ஓட்டத்தைப் படித்துக் காட்டினார்: 1,63,000. அந்தத் துணிப்பை இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

அதற்குப் பிறகு எனக்கும், சொந்தக்காரர்கள் நண்பர்களுக்குமாகப் பத்துப் பன்னிரண்டு பழைய டீசல் வண்டிகளைப் போய்ப் பார்த்திருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை, ஏமாந்து கற்றுக்கொண்டவன். புதிதாக வாங்கப் போகிறவர் எந்த வரிசையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஒரு சின்ன விஷயம், நம்மூரில் மைலேஜ் என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் அர்த்தம், அதனால் வண்டி மொத்தமாக ஓடிய தூரத்தை இங்கே ஓட்டம் என்றே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ஓட்டம்

வண்டி பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே, மாதம் நீங்கள் எவ்வளவு ஓட்டுவீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். வீட்டிலிருந்து ஆபீஸ் ஆறு கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை கோயில், வருடத்துக்கு இரண்டு முறை ஊர் என்றால் டீசல் வேண்டாம், பெட்ரோலைப் பாருங்கள். ஏப்ரல் 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி எரிந்து போக வேண்டுமென்றால் வண்டி சூடாகி, கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். சிக்னலுக்கு சிக்னல் நின்று போகிறவருக்கு அது அடைத்துக்கொள்ளும், டேஷ்போர்டில் விளக்கு எரியும், செலவு வைக்கும்.

இதே கணக்கை விற்கிறவர் மேலும் போட்டுப் பாருங்கள். டீசல் கார் புதிதாக வாங்கும்போது பெட்ரோல் வண்டியைவிட லட்சம் ரூபாய்க்கு மேல் கூடக் கொடுத்துத்தான் பெரும்பாலும் வாங்குவார்கள், அப்படி வாங்கியவர் வருடத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர்தான் ஓட்டினேன் என்றால் ஏன் டீசல் வாங்கினார்? பதில் இருக்கலாம். வெளிநாட்டில் வேலை, வண்டி ஷெட்டில் நின்றது, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, எல்லாம் நடக்கிறதுதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் குறைந்த ஓட்டத்துக்கு விலை கூட்டிக் கொடுக்காதீர்கள். குறைந்த ஓட்டம் உண்மையாகவே இருந்தாலும்கூட, நின்றே கிடந்த டீசல் வண்டிக்கு அதற்கான நோய்கள் உண்டு: ரப்பர் ஹோஸ் காய்ந்து வெடிக்கும், டீசல் டேங்கில் தண்ணீர் சேரும், பேட்டரி, டயர் இரண்டும் ஓடாமலேயே கிழடாகும்.

மீட்டர் சொல்வது உண்மையா

இதைக் கண்டுபிடிக்க பெடல் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, ஸ்டியரிங் வழுவழுப்பாகிவிட்டதா, டிரைவர் சீட்டின் வலது ஓரம் அமுங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். பாருங்கள், தப்பில்லை. ஆனால் மீட்டரைத் திருப்பத் தெரிந்தவருக்குப் பெடல் ரப்பர் மாற்றத் தெரியாதா என்ன. முப்பதாயிரம்தான் ஓடியது என்று சொல்லும் வண்டியில் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அதுவே ஒரு தடயம்.

காகிதம்தான் நம்பகம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி விட்ட ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் தேதியும் அன்றைய ஓட்டமும் பதிவாகும். விற்கிறவரிடம், "வாங்க சார், சர்வீஸ் சென்டருக்கு ஒரு நடை போய் ஹிஸ்டரி எடுத்துட்டு வந்துடலாம்" என்று சொல்லுங்கள், அல்லது அவர் போனிலேயே கம்பெனி ஆப் இருந்தால் உங்கள் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். சொன்ன உடனே முகம் எப்படி மாறுகிறது என்பதும் ஒரு சோதனைதான்.

கையில் கிடைத்ததும் தேதியையும் ஓட்டத்தையும் வரிசையாக எழுதுங்கள். நான் பார்த்த ஒரு 2015 மாடல் வண்டியின் வரிசை இப்படி இருந்தது. 2016 மார்ச்சில் 12,400. 2017 பிப்ரவரியில் 29,800. 2018 ஜனவரியில் 47,100. 2019 மார்ச்சில் 68,300. 2020 நவம்பரில் 79,000. அதோடு கம்பெனி பதிவு நின்றுவிட்டது. நான் வண்டியைப் பார்த்தது 2023 ஜூனில், மீட்டரில் 86,000. வருடத்துக்குப் பதினேழு பதினெட்டாயிரம் ஓடிய வண்டி, கொரோனா வருடத்தில் குறைந்தது சரி, அதற்குப் பிறகு இரண்டரை வருடத்தில் ஏழாயிரம்தான் ஓடியதாம். "வொர்க் ஃபிரம் ஹோம் சார்" என்றார். இருக்கலாம் என்று குனிந்து டயரைப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கு டயரிலும் 1421, அதாவது 2021-ன் பதினான்காவது வாரம் தயாரானவை. புதிதாகப் போட்ட அந்த டயர்கள் அதற்குள் வழுக்கை ஆகியிருந்தன. ஏழாயிரம் கிலோமீட்டரில் டயர் மொட்டையாகாது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வெளியே சர்வீஸ் பார்த்த வண்டி என்றால் ஒதுக்க வேண்டியதில்லை. வாரண்டி முடிந்ததும் பாதிப் பேர் தெரிந்த மெக்கானிக்கிடம்தான் போவார்கள், நானும் அப்படித்தான். அங்கே ஆயில், ஃபில்டர் வாங்கிய கடை பில், கதவோரம் ஒட்டிய ஆயில் மாற்றிய ஸ்டிக்கர், மெக்கானிக்கின் போன் நம்பர், இவற்றைக் கேளுங்கள். எதுவுமே இல்லை, "எல்லாம் பக்காவா பார்த்தது" என்று வாய் வார்த்தை மட்டும் என்றால், பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

எங்கே ஓடியது

இது ஓட்டத்தைவிட முக்கியம், ஆனால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாதம் நான்கு முறை சென்னைக்கும் மதுரைக்கும் போய்வந்து ஒன்றரை லட்சம் ஓடிய வண்டியும், ஓஎம்ஆர் நெரிசலில் அரை கிளட்சில் நகர்ந்தே அறுபதாயிரம் ஓடிய வண்டியும் வேறு வேறு ஜாதி. ஹைவேயில் எஞ்சின் ஒரே சூட்டில் நிதானமாகச் சுழல்கிறது, கிளட்ச், பிரேக், ஸ்டார்ட்டர் எதற்கும் பெரிதாக வேலையில்லை. சிட்டி வண்டியில் கிளட்சும், சஸ்பென்ஷனும், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வில் படியும் கரியும் மீட்டர் காட்டுவதைவிட வயதானவையாக இருக்கும்.

டி-போர்டில், அதாவது டாக்ஸியாக ஓடி, பிறகு ஓன் போர்டாக மாற்றிய வண்டிகளும் வரும். ஆர்.சி.யிலும், அரசின் வாகனப் பதிவு விவரம் கிடைக்கும் பரிவாஹன் தளத்திலும் பார்த்துவிட்டு, பழைய மஞ்சள் எங்கேயாவது தெரிகிறதா என்று நம்பர் பிளேட்டைச் சுற்றியும் ஒரு பார்வை பாருங்கள். டாக்ஸி ஓடியது என்பதாலேயே கெட்ட வண்டி இல்லை. மூன்று லட்சம் தாண்டியும் சளைக்காத பழைய இன்னோவாக்களை நம்மூரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் டாக்ஸி என்று சொல்லி டாக்ஸி விலைக்கு விற்க வேண்டும், அவ்வளவுதான்.

வடக்கிலிருந்து வரும் வண்டி மலிவாகக் கிடைக்கும். டெல்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னதையும், 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததையும் ஒட்டி அங்கிருந்து நிறைய வண்டிகள் என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு தெற்கே இறங்கின. அந்த விலையோடு நம் மாநில ஆயுள் வரி, மறுபதிவுச் செலவு, அலைச்சல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் மலிவு காணாமல் போய்விடும்.

பில்லைப் படிப்பது

பை நிறைய பில் இருந்தால் நல்ல வண்டி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒரு டீ சொல்லிவிட்டு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

நான் முதலில் தேடுவது ஆயில் மாற்றிய இடைவெளி. பத்தாயிரத்துக்கு ஒரு முறை, தவறாமல், என்று இருந்தால் அந்த ஓனரை நம்பலாம். இருபத்தைந்தாயிரத்துக்கு ஒரு முறை என்றால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் செயினும் அதை அனுபவித்திருக்கும். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா என்று ஊரெல்லாம் ஓடிய ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் எஞ்சினில் இருப்பது செயின்தான், ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது முன்பக்கம் கலகலவென்று சத்தம் வரும். அதற்கு மாறாக பழைய இன்னோவாவின் 2.5 டி-4டி, டஸ்டரின் 1.5 டிசிஐ, ஃபோர்டின் 1.5 டிடிசிஐ, ஃபோக்ஸ்வாகன் 1.5 டிடிஐ போன்றவற்றில் அதே வேலைக்கு டைமிங் பெல்ட். பெல்ட்டுக்குக் கம்பெனி ஒரு கிலோமீட்டர் கணக்கும் வருடக் கணக்கும் வைத்திருக்கும், இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அப்புறம் எஞ்சினையே இறக்க வேண்டியதுதான். ஆகவே பெல்ட் வண்டி என்றால், மாற்றிய பில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. வாட்டர் பம்ப், டென்ஷனர் சேர்த்து மாற்றியிருந்தால் நல்ல மெக்கானிக் கைபட்ட வண்டி.

அடுத்து ஒரே வேலை திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். ஒரு தடவை கிளட்ச் மாற்றியது ஆரோக்கியம். நாற்பதாயிரம் இடைவெளியில் மூன்று தடவை என்றால் ஓட்டுகிறவர் காலைக் கிளட்சிலேயே வைத்திருந்திருக்கிறார். கூலண்ட் டாப்-அப் என்று மூன்று பில்லில் தொடர்ந்து வந்தால் எங்கேயோ கசிகிறது, இல்லை உள்ளே போகிறது. டர்போ மாற்றிய பில் இருந்தால் ஏன் போனது என்று கேளுங்கள். ஆயில் போதாமல் போயிருந்து, அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதுசு போட்டிருந்தால் புதுசும் அதே வழியில் போகும்.

விற்கிறவர் பெருமையாகச் சொல்வார், "எஞ்சின் வேலை இப்பதான் முடிச்சோம் சார், புது வண்டி மாதிரி." எனக்கு இதைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்ட டீசல் எஞ்சின் தொண்ணூறாயிரத்தில் வேலைக்கு வரக்கூடாது. ஹெட் கேஸ்கெட் மாற்றி, ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் பிடித்திருந்தால் வண்டி ஒரு தடவை நன்றாகக் கொதித்திருக்கிறது என்று அர்த்தம். ரிங், பேரிங், கேஸ்கெட் என்று பார்ட்ஸ் பில் தனித்தனியாக இருக்க வேண்டும், எந்தக் கடை, எந்த லேத் என்று தெரிய வேண்டும். மொத்தமாக "எஞ்சின் வேலை, 45,000" என்று வெள்ளைத்தாளில் எழுதிய ஒரு வரிக்கு மதிப்பில்லை.

இன்ஷூரன்ஸ் பாலிசியும் ரிப்பேர் சரித்திரம்தான், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிளெய்ம் எடுக்காமல் இருந்தால் நோ கிளெய்ம் போனஸ் வருடாவருடம் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும், கிளெய்ம் எடுத்தால் அடுத்த பாலிசியில் பூஜ்யம். ஆறு வருடமாக ஒரே ஓனர், பாலிசியில் போனஸ் 20 என்றால், சமீபத்தில் எதற்கோ கிளெய்ம் போயிருக்கிறது, அதற்குரிய ரிப்பேர் பில் பையில் இருக்கிறதா? போனஸ் போகாமல் காக்கும் கூடுதல் கவரும் உண்டு, அதனால் 50 என்று பார்த்ததும் முழுசாக நிம்மதி அடைந்துவிட வேண்டாம். சென்னைப் பக்கத்து வண்டியானால் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் இரண்டையும் குறிவைத்துப் பாருங்கள், வெள்ளத்தில் நின்ற வண்டிகள் அந்த மாதங்களை ஒட்டி ஒர்க்‌ஷாப்பில் நீண்ட நாள் கிடந்திருக்கும். தூத்துக்குடி, திருநெல்வேலி வண்டிக்கும் 2023 டிசம்பர் பொருந்தும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை அங்கேதான் ஒளிந்திருக்கும். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டைத் தூக்கினால் ஒரு ஊறல் வாடை, இதெல்லாம் பாலிஷில் போகாது.

காலை ஆறரை மணிக்குப் போங்கள்

காகிதம் சரியாக இருந்தால்தான் வண்டியைத் தொடுவது, இல்லையென்றால் நேரம் வீண். முந்தைய நாளே "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு, போனதும் பானெட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கத்தான் முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் ஒன்றிரண்டு செல்ஃபில் பிடிக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் புகை பரவாயில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது, வெள்ளைப் புகை எஞ்சின் சூடான பிறகும் வந்தால் கூலண்ட் உள்ளே போகலாம், கரும்புகை என்றால் இன்ஜெக்டர், டர்போ ஹோஸ், ஏர் ஃபில்டர் பக்கம் சந்தேகம்.

எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திருகி எடுத்து அந்த ஓட்டையின் மேலேயே தலைகீழாக வைத்துப் பாருங்கள். லேசாக ஆடினால் சரி. தட்டிவிட்டதுபோலத் துள்ளி விழுந்தால், கூடவே புகை குபுகுபுவென்று வந்தால், மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது அதுதான், ரிங் தேய்ந்துவிட்டது. டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டுக்கும் மேலே நின்றால் நிறைய ஊற்றிவிட்டார்கள் என்று விட்டுவிடாதீர்கள், டிபிஎஃப் உள்ள வண்டியில் டீசல் ஆயிலோடு கலந்தும் மட்டம் ஏறும், முகர்ந்தால் தெரியும்.

பிறகு நாற்பது நிமிடமாவது ஓட்டுங்கள், ஒரு மேம்பாலம் உள்ள வழியாக. ஏற்றத்தில் நான்காவது கியரில் அழுத்தும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்தது. கடைசியாக உங்கள் மெக்கானிக்கிடம், அதாவது விற்கிறவர் சொல்லும் மெக்கானிக்கிடம் அல்ல, ஸ்கேனர் போடுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஆயிரம் இரண்டாயிரத்தை யோசிக்காதீர்கள்.

இரண்டையும் தராசில் வைப்பது

இப்போதுதான் கணக்கு. வண்டிக்கு வரக்கூடிய பெரிய வேலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கடைசியாக எந்தக் கிலோமீட்டரில் செய்தது என்று எழுதுங்கள். பில் இல்லையென்றால், செய்யவில்லை என்றே எழுதுங்கள்.

என் மைத்துனருக்காகப் பார்த்த இரண்டு வண்டிகள், ஒரே மாடல், ஒரே வருடம். முதலாவது 72,000 ஓட்டம், 4,10,000 கேட்டார்கள், கடைசி நான்கு வருட பில் கிடையாது. இரண்டாவது 1,48,000 ஓட்டம், 3,40,000, பில் முழுவதும் உண்டு, கிளட்ச் 1,21,000-ல், இன்ஜெக்டர் சர்வீஸ் 1,30,000-ல், டைமிங் செயின் செட் அதே சமயம். எங்கள் மெக்கானிக் சொன்ன தொகைகள் இவை: கிளட்ச் 14,000, நான்கு இன்ஜெக்டர் சர்வீஸ் 20,000, செயின் செட் 18,000, சஸ்பென்ஷன் 15,000, டயர் 20,000. உங்கள் ஊரில், உங்கள் மாடலுக்கு வேறு வரும். முதல் வண்டிக்கு எல்லாமே பாக்கி என்று வைத்தால் 87,000 கூடி 4,97,000 ஆகிறது. இரண்டாவதற்கு சஸ்பென்ஷனும் டயரும் மட்டும் பாக்கி, 3,75,000. வித்தியாசம் ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம், அதுவும் முதல் வண்டியின் மீட்டர் உண்மை என்றே நம்பிக்கொண்டு. மைத்துனர் இரண்டாவதை 3,25,000-க்குப் பேசி முடித்தார்.

சரி, எப்போதும் அதிக ஓட்டமே ஜெயிக்குமா என்றால் இல்லை. பில்லோடு வரும் 70,000 ஓட்ட வண்டி கிடைத்தால் கூடக் கொடுத்து எடுங்கள், அதில் யோசிக்க எதுவுமில்லை. இரண்டு லட்சம் தாண்டிய வண்டியை என்னதான் பில் இருந்தாலும் புதிதாக வாங்குகிறவருக்கு நான் சொல்வதில்லை, ஏனென்றால் அதை வைத்து ஓட்ட நல்ல மெக்கானிக் தொடர்பு வேண்டும். இன்னொன்று, நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்க வருகிறவர் மீட்டரைத்தான் பார்ப்பார், உங்கள் துணிப்பையை அல்ல. மூன்று வருடத்துக்குள் விற்றுவிடும் எண்ணம் இருந்தால் அந்த நஷ்டத்தையும் இப்போதே விலையில் குறைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருடம் முடியப் போகும் வண்டியானால் எஃப்.சி. எடுத்துப் பதிவைப் புதுப்பிக்கும் செலவும் உங்கள் தலையில்தான்.

கையெழுத்துக்கு முன்

லோன் இருந்த வண்டி என்றால் பேங்க் என்ஓசியும், ஆர்.சி.யில் லோன் பதிவை நீக்கப் படிவம் 35-ம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பரிவாஹன் தளத்தில் அபராதம் பாக்கி இருக்கிறதா பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் நம்பரை எஞ்சினிலேயே பார்த்து ஒப்பிடுங்கள், எஞ்சினே மாற்றிய வண்டியை அங்கே பிடிக்கலாம். இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாள்தான் இருக்கிறது, பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அதற்கான வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும். அட்வான்ஸ் கொடுக்கும்போது சர்வீஸ் பில்கள், இரண்டாவது சாவி இரண்டும் வண்டியோடு வரும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். பணம் முழுதாகக் கைமாறிய பிறகு அந்த சாவியைத் தேடித் தருகிறேன் என்பவர்கள் தேடுவதே இல்லை.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், பில் என்ன சொன்னாலும், எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலண்ட் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அன்றைய மீட்டரை பில்லின் ஓரத்தில் எழுதி, முந்தைய ஓனர் கொடுத்த பையிலேயே போட்டு வையுங்கள்.